நடுநிலைப் பள்ளியில் விளையாட்டு விழா: கோடு போடுவதிலிருந்து கணக்கு வாசிப்பது வரை

எங்கள் ஊரில் தை பிறந்தால் மாடு விடும் விழா. அதற்குத் தலைக்கட்டு வரி போட்டால் ஒரே வாரத்தில் வசூலாகிவிடும். அதே ஊரில், அதே ஆட்களிடம், பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு என்று முதல் வருடம் நாங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது "அப்புறம் வாப்பா" என்றவர்களே அதிகம். ஊர் கஞ்சம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மாட்டு விழா வரியை யார் வசூலிக்கிறார், அது எதற்குச் செலவாகும், கணக்கை எந்த இடத்தில் எப்போது வாசிப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். எங்களிடம் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

நான் ஆசிரியர் இல்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் படித்த பள்ளியில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள், அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். நான்கு விளையாட்டு விழாக்களில் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சுமார் 120 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை மனதில் வைத்திருக்கிறேன். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் பழைய வட ஆற்காடு முழுக்க வெயிலும் முள்ளும் ஒன்றுதான், ஆகவே அக்கம்பக்கத்து மாவட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் தேதி

நம் ஊர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே கிரவுண்டில் கால் வைக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதன் பிறகு அரையாண்டுத் தேர்வு. ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம், பெயருக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆகஸ்டில் சாயங்காலம் இடி மழை வந்தால் போட்ட கோடெல்லாம் கரைந்துவிடும். எங்கள் அனுபவத்தில் பொங்கல் முடிந்து பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் வைப்பதுதான் சரி. காலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் ஓட்டப் பந்தயங்களை முடித்துவிட வேண்டும்.

ஜனவரி 26 அன்றே வைத்துவிடலாமே என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அன்று கொடியேற்றம் இருக்கும், கிராம சபையும் இருக்கும். தலைவர், செயலர், ஆசிரியர் எல்லோரும் அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருப்பார்கள். விழாவை வேறு நாளில் வைத்துக்கொண்டு, அந்தக் கிராம சபையை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். பள்ளி மைதானத்தைச் சமன் செய்துதர வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும் என்பதை அங்கே தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். வாய் வார்த்தைக்கும் தீர்மான நோட்டில் ஏறிய வரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அடுத்த வருடம் தெரியும்.

தேதியை முடிவு செய்வதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதே நாளில் கோயிலில் கும்பாபிஷேகமோ பாரதக் கூத்தில் படுகளமோ இருந்தால் ஒரு பெற்றோரும் வர மாட்டார்.

2. யார் பொறுப்பு

எல்லா நடுநிலைப் பள்ளியிலும் பி.டி. வாத்தியார் இருப்பதில்லை. இருந்தாலும் பகுதிநேரமாக, வாரத்தில் மூன்று அரை நாள் வருபவராக இருப்பார். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். இந்த மாதிரி வேலைக்கு அந்தக் குழு சரியான இடம். குழுக் கூட்டத்தில் விழா பற்றித் தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மைக் செட் வைப்பதற்குக் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுங்கள். கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பாக்ஸ் போதும்.

வேலையை ஐந்து பேருக்குப் பிரியுங்கள்: கிரவுண்டு, போட்டி அட்டவணை, தண்ணீரும் சாப்பாடும், முதலுதவி, கணக்கு. கணக்கு பார்ப்பவர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நடுவருக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். நம் மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து ரிட்டயரானவர் இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். விசில் ஊத, ஸ்டார்ட் கொடுக்க, பிள்ளைகளை வரிசையில் நிறுத்த அவர்களை விட்டால் ஆள் கிடையாது. எங்களுக்கு வந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் முதல் வேலையாகப் பெற்றோர்களையே கயிற்றுக்குப் பின்னால் தள்ளினார். அதுவரை எங்களில் யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை.

3. போட்டிப் பட்டியல்: இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும்

பட்டியல் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிள்ளைகள், எட்டு வகுப்பு. வகுப்புக்கு ஏறக்குறைய ஏழெட்டு ஆண் பிள்ளைகள், ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். ஆக 16 பிரிவு. நான்கு லேன் இருந்தால் ஒரு பிரிவுக்கு இரண்டு ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), மொத்தம் 32. ஓடுவது பத்துப் பன்னிரண்டு வினாடிதான். ஆனால் பெயர் கூப்பிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு, யார் முதல் என்று சண்டை தீர்த்து எழுத நாலு நிமிடம் ஆகும். ஹீட்ஸுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதன் பிறகு 16 ஃபைனல், இன்னும் ஒரு மணி நேரம். இது ஒரே ஒரு ஓட்டப் பந்தயத்துக்கு!

முதல் வருடம் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினோம். மத்தியானம் ஒரு மணிக்கு நாலாம் வகுப்பு ஃபைனல் நடந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமர நிழலில் தூங்கிவிட்டார்கள்.

இப்போது நாங்கள் செய்வது இப்படி. ஹீட்ஸ் எல்லாம் முந்தைய இரண்டு வாரங்களில் விளையாட்டுப் பீரியடில் முடிந்துவிடும். விழா நாளில் ஃபைனல் மட்டும். ஆனால் ஃபைனலுக்கு வராத பிள்ளை, அப்பா அம்மா பார்க்க வந்த நாளில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது அல்லவா? அதனால் கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் ஓடும் ஒரு தொடர் ஓட்டம். அணிக்கு 30 பேர், பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம், நடுவில் 40 மீட்டர். குச்சியைக் கையில் கொடுத்துவிட்டு வரிசையின் பின்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை குச்சியோடு வேறு பக்கம் ஓடும், ஊரே கத்தும். விழாவிலேயே ஜனங்கள் எழுந்து நின்று பார்ப்பது இதைத்தான்.

சின்ன வகுப்புகளுக்குத் தவளை ஓட்டம், உருளைக்கிழங்கு பொறுக்குவது, சாக்கு ஓட்டம். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு முதல், இரண்டாவது என்று பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓடிய எல்லோருக்கும் ஒரு கடலை மிட்டாய் கொடுத்தால் போதும்.

மூன்று முதல் ஐந்து வரை 50 மீட்டர் ஓட்டமும் நீளம் தாண்டுதலும். ஆறு முதல் எட்டு வரை 100 மீட்டர், கோ-கோ, கபடி, எறிபந்து. இந்த வயதுப் பிள்ளைகள்தான் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் குறுவட்டப் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இறங்கப்போகிறவர்கள். ஆகவே அவர்கள் விளையாடுவதை முறையான அளவிலேயே விளையாடட்டும். கபடிக்குச் சிறுவர் ஆடுகளம் 11 மீட்டருக்கு 8 மீட்டர், பக்கத்துக்கு ஏழு பேர், ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. கோ-கோவில் துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் உட்கார, ஒருவர் ஓடுவார். 'கோ' கொடுக்காமல் பாதியில் எழுந்து ஓடும் பழக்கத்தை இங்கேயே திருத்தாவிட்டால் குறுவட்டத்தில் ஃபவுல் மேல் ஃபவுல் வாங்குவார்கள்.

கயிறு இழுக்கும் போட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். தடிமனான தேங்காய் நார்க் கயிறோ பருத்திக் கயிறோ தேடுங்கள். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது என்று மைக்கில் இரண்டு தடவை சொல்லுங்கள். கடைசியில் நிற்கும் குண்டுப் பையன் கட்டாயம் இடுப்பில் கட்டிக்கொள்வான், போய் அவிழ்த்துவிடுங்கள்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளையோ கண் சரியாகத் தெரியாத பிள்ளையோ இருந்தால், என்ன விளையாட ஆசை என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். "நீ மைக்கில் பேசு" என்று நாமாக ஒரு வேலை கொடுத்து ஒதுக்கிவிடுவது எங்கள் பள்ளியிலும் நடந்தது. அந்தப் பையனுக்குப் பந்து எறிய ஆசை என்று அடுத்த வருடம்தான் தெரிந்தது.

அம்மாக்களுக்குக் கோலப் போட்டி மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள். இரண்டாவது வருடம் சும்மா ஒரு கோ-கோ ஆட்டம் என்று அறிவித்தோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிய ஒரு அக்கா, பள்ளி நாட்களில் குறுவட்டம் வரை ஆடியவராம். அவர் கம்பத்தைச் சுற்றித் திரும்பிய வேகத்தைப் பார்த்து அவர் மகளே வாயடைத்து நின்றாள். அதுவரை அந்தப் பெண் விளையாட்டுப் பக்கமே வராதவள்.

4. அணி பிரிப்பது

நான்கு அணி. பெயருக்கு நாங்கள் பழைய வட ஆற்காட்டு ஆறுகளை எடுத்தோம்: பாலாறு, பொன்னை, செய்யாறு, கமண்டல நாகநதி. "தண்ணி இல்லாத ஆத்துப் பேரா வச்சிருக்கீங்களே" என்று கிண்டல் வந்தது. வரட்டும், பிள்ளைகளுக்கு நான்கு ஆறும் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

தெரு வாரியாக அணி பிரிக்காதீர்கள். வசதியாகத்தான் இருக்கும், ஆனால் நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். விளையாட்டில் ஆரம்பித்த வாய்த் தகராறு ராத்திரி எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும். ஒவ்வொரு வகுப்பு வருகைப் பதிவேட்டையும் எடுத்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணிப் பிரியுங்கள். அண்ணன் தங்கை இருந்தால் ஒரே அணியில் போடுங்கள், பெற்றோர் எந்தப் பக்கம் கத்துவது என்று குழம்ப மாட்டார்கள்.

அடையாளத்துக்குக் கையில் கயிறு கட்டும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கலர் கயிறு என்ன சேதி சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. டெய்லர் கடை வெட்டுத்துணியில் தோளில் குறுக்கே போடும் பட்டை தைத்துக்கொள்ளலாம். இரண்டு நிறம் சேர்ந்து ஏதாவது கட்சிக் கொடி மாதிரி ஆகிவிடுகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

5. காசு: கேட்பதும் வாங்குவதும்

பிள்ளைகளிடம் காசு வசூலிக்காதீர்கள். ஐம்பது ரூபாய்தானே என்று தோன்றும். கொண்டுவர முடியாத பிள்ளை அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும். எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம் என்பது சட்டம், அந்த மரியாதையை நாமே கெடுக்கக் கூடாது.

அதன் பிறகு, காசு கேட்பதற்கு முன் பொருள் பட்டியல் எழுதுங்கள். எங்கள் பட்டியல் இதுதான்: 20 லிட்டர் தண்ணீர் கேன் 20, எலுமிச்சை, சர்க்கரை, உப்பு, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை, பந்தல், சேர், மைக் செட், கோலமாவு மூட்டை, கயிறு, விசில் மூன்று, முதலுதவிப் பெட்டி, பரிசுக்குப் பாத்திரம், சான்றிதழ் அச்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம் கேட்கலாம் என்று ஒரு பெயர். எங்கள் ஊர் அரிசி மண்டிக்காரரிடம் நடந்த பேச்சு இது.

"இன்னாப்பா, எவ்ளோ எழுதட்டும்? ஐந்நூறு?"

"துட்டு வேணாங்ணா. கொண்டக்கடல பத்து கிலோ வேணும். காலைல பசங்களுக்கு சுண்டல் போடணும்."

"பத்து கிலோ போதுமா? எவ்ளோ பசங்க?"

அந்த ஒரு கேள்வியில் அவர் விழாவுக்குள் வந்துவிட்டார். ஐந்நூறு ரூபாய் எழுதியிருந்தால் அத்தோடு மறந்திருப்பார். சுண்டல் என்றதும் அவர் வீட்டு அம்மா முதல் நாளே ஊறவைத்து, விடியற்காலையில் வேகவைத்து, தாளித்து அனுப்பினார். பந்தல்காரர், மைக் செட்காரர், பாத்திரக் கடைக்காரர் எல்லோரிடமும் இதே மாதிரிதான். அவரவர் தொழிலில் உள்ளதைக் கேட்டால் மனசு வந்து கொடுப்பார்கள்.

பணமாகத்தான் வேண்டும் என்பதற்குச் சில வழிகள். பழைய மாணவர்களின் பேட்ச் வாட்ஸ்அப் குழுக்கள் முதலில். "பள்ளிக்கு உதவுங்கள்" என்று பொதுவாகப் போட்டால் எல்லோரும் கும்பிடு போடும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "எறிபந்து இரண்டு, நெட் ஒன்று, கடையில் விசாரித்த விலை இது, யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று போடுங்கள். அடுத்து, பழைய பேப்பர், அட்டைப் பெட்டி சேகரிப்பு. என் கடையிலேயே மாதம் ஒரு மூட்டை சேரும். டிசம்பரிலிருந்து நாலைந்து கடைகளில் சொல்லிவைத்தால் பரிசுச் செலவுக்கு ஆகும்.

மூன்றாவது ஏலம். கோயிலில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விழா முடிவில் பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் வளர்த்த முருங்கைக்கீரை, கத்தரிக்காய், ஒரு பப்பாளி ஆகியவற்றை ஏலம் விட்டோம். ஏலம் விட்டது ஏழாம் வகுப்பு மாணவி. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவள் இழுத்த இழுப்பில் ஒரு கீரைக் கட்டு கடை விலையைப் போல் இருபது மடங்குக்குப் போனது. வாங்கியவர் அதைச் சத்துணவு சமைக்கும் அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

குலுக்கல் சீட்டு மட்டும் வேண்டாம். டிக்கெட் விற்று, குலுக்கி, மிக்ஸி பரிசு கொடுக்கலாம் என்று யாராவது உற்சாகமாகக் கிளம்புவார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பள்ளிக்கூடம் அதன் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

சுற்றுச்சுவர், கழிப்பறை, மைதானம் மாதிரி பெரிய செலவுகளை இந்த விழா வசூலோடு கலக்காதீர்கள். அதற்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போய்ப் பெரிய வேலையில் இருப்பவர்களையும் கம்பெனிக்காரர்களையும் அந்த வழியில் அனுப்புங்கள்.

இனி என் தவறு. முதல் வருடம் என் சொந்த ஜிபே நம்பரையே எல்லோருக்கும் கொடுத்தேன். அவசரத்துக்குச் சுலபமாக இருந்தது. விழா முடிந்த பிறகு கடைக்கு ஜெராக்ஸ் காசு அனுப்பியவர் யார், விழாவுக்கு அனுப்பியவர் யார் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் சரியாகத்தான் கணக்குக் கொடுத்தேன். ஆனாலும் மூன்று மாதம் டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றுபோகும். அன்றிலிருந்து பணம் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு, அல்லது ரசீதுப் புத்தகம், வேறு வழி இல்லை. ரசீதில் வரிசை எண் அச்சிட்டிருக்க வேண்டும், கார்பன் நகல் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். பொருளாகக் கொடுத்தவர்களுக்கும் ரசீது உண்டு: "கொண்டைக்கடலை 10 கிலோ, பெற்றுக்கொண்டோம்." மொய் நோட்டு எழுதத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதும் பெரியவரையே கணக்குக்கு உட்காரவைத்தோம். எழுத்தும் அழகு, ஒரு ரூபாய் பிசகாது.

நன்கொடையாளர் பெயரோடு பிளக்ஸ் அடிப்பது பற்றி: அடிக்காதீர்கள். பத்திரிகையில் பெயர் போடும் வரிசைக்கே உறவு முறிந்த ஊர் இது. நாங்கள் வகுப்பறைக் கரும்பலகை ஒன்றை வெளியே வைத்து, அகர வரிசையில் பெயர்களை மட்டும் சாக்பீஸில் எழுதினோம், தொகை இல்லாமல்.

6. கோடு போடுவது

200 மீட்டர் வட்டத் தடம் போட ஆசைப்படுபவர்கள் முதலில் இடத்தை அளந்து பாருங்கள். நேர்ப்பகுதி 40 மீட்டர், வளைவு 60 மீட்டர், இப்படி இரண்டிரண்டு சேர்ந்தால் 200. அந்த வளைவுக்கு ஓடும் கோட்டின் ஆரம் 19.10 மீட்டர். உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓட்டத்தை அளப்பார்கள், ஆகவே உள்கோட்டை 18.90 மீட்டரில் போட வேண்டும். 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு லேன் என்றால் சுமார் 88 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். முழுச் சுற்று லேனிலேயே ஓடுவதென்றால் இரண்டாவது லேன்காரர் 7.67 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாமவர் 15.33, நான்காமவர் 23 மீட்டர். "அவன் மட்டும் ஏன் முன்னாடி நிக்கிறான்?" என்று பெற்றோர் பக்கமிருந்து குரல் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஏக்கர் எல்லாப் பள்ளிக்கும் இருக்காது. நேர்த்தடம் போதும். இதற்கு வேண்டியது நான்கு முளைக்குச்சி, நூல் கயிறு, அளவு டேப், 12 மீட்டர் கயிறு ஒன்று. அந்த 12 மீட்டர் கயிற்றில் ஒரு முனையிலிருந்து 3-வது மீட்டரில் ஒரு முடிச்சு, 7-வது மீட்டரில் ஒரு முடிச்சு. இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து, இரண்டு முடிச்சிலும் ஆளுக்கு ஒருவர் நின்று விறைப்பாக இழுத்தால் முக்கோணம் வரும். 3-வது மீட்டர் முடிச்சில் இருப்பது சரியான மூலை மட்டம், அதாவது செங்கோணம். கொத்தனார்கள் கடைக்கால் போடும்போது செய்வது இதுதான். ஆரம்பக் கோடும் முடிவுக் கோடும் தடத்துக்கு நேர் குறுக்கே இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பிள்ளை அரை மீட்டர் கூடுதலாக ஓடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இதைச் செய்யவைத்தோம். கணக்கு டீச்சர் அந்த வாரப் பாடத்தையே கிரவுண்டில் முடித்துவிட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு லேன் அகலத்தை ஒன்றரை மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் நேராக ஓடுவதில்லை. அதைவிட முக்கியம், முடிவுக் கோட்டுக்கு அப்பால் பதினைந்து மீட்டராவது வெற்றிடம் வேண்டும். நாங்கள் ஒருமுறை 100 மீட்டர் முழுசாக வர வேண்டும் என்று முடிவுக் கோட்டைச் சுவரிலிருந்து நான்கே மீட்டரில் போட்டுவிட்டோம். முதலில் வந்த பையன் இரண்டு கையையும் சுவரில் ஊன்றித்தான் நின்றான். உள்ளங்கை சிராய்ப்போடு போயிற்று, நல்ல காலம். இப்போது எங்கள் '100 மீட்டர்' 80 மீட்டர்தான். பலகையிலும் 80 என்றே எழுதுகிறோம்.

கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். காற்றில் பறந்து கண்ணில் பட்டால் வெந்துபோகும். கோலமாவு போதும். ஒரு பழைய டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கயிற்றை ஒட்டி ஆட்டிக்கொண்டே நடந்தால் கோடு சீராக விழும். இதில் அம்மாக்களை மிஞ்ச ஆள் இல்லை, அவர்களுக்கு டின்னே தேவைப்படவில்லை.

நீளம் தாண்டும் குழிக்கு ஒரு டிராக்டர் ஆற்று மணல் கொட்டித்தருவதாக யாராவது சொல்வார்கள். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும், பள்ளியின் பெயர் அதில் வர வேண்டாம். இருக்கும் மண்ணையே ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லைச் சலித்து எடுத்து, மரத்தூள் கலந்து, தாண்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கிளறிவிட்டால் போதும்.

முந்தைய நாள் சாயங்காலம் இருபது பேர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, கிரவுண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நடங்கள். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் ஒரு வாளி கிடைக்கும். எங்களுக்கு உடைந்த பாட்டில் கழுத்து இரண்டும் கிடைத்தது. பாதிப் பிள்ளைகள் வெறுங்காலில்தான் ஓடுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருமே வெறுங்கால் என்று நாங்கள் விதி வைத்துவிட்டோம். ஷூ போட்ட பிள்ளை ஜெயித்துவிட்டது என்ற பேச்சே இல்லை.

7. விழா நாள்

முதலமைச்சரின் காலை உணவு ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத்தான். ஆறு, ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏழு மணிக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள், நூறு மீட்டர் ஓடிவிட்டுத் தலை சுற்றி விழுவார்கள். விழுந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கும் புத்தி வந்தது. அரிசி மண்டிச் சுண்டல் அதற்காகத்தான். ஆறரைக்கே சுண்டலும் வாழைப்பழமும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் ஓட்டம்.

தண்ணீருக்குக் கணக்கு: பிள்ளைக்கு இரண்டு லிட்டர் வீதம் 240 லிட்டர், அதாவது 12 கேன். பெற்றோர் 150 பேருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் வைத்தால் எட்டு கேன். மொத்தம் 20. எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே மாதிரி டம்ளர். தண்ணீரைத் தனித்தனியாக வைக்கும் பேச்சு எழுந்தால் விழாவையே நிறுத்திவிடலாம். ஒரு கேனில் உப்புச் சர்க்கரைக் கரைசல் வையுங்கள்: ஒரு லிட்டருக்குத் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இருபது லிட்டருக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டிச் சொல்லி செவிலியர் ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். 108 வண்டி வந்தால் கிரவுண்டு வாசல் வரை வர வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வாசலில் பந்தல்காரர் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு ஆசிரியை காலையிலேயே போய்ப் பார்த்துவிடட்டும், நாப்கினும் வைக்கட்டும்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் என் கருத்து வேறு. மேடையில் அரை மணி நேரம் பேசுபவரைவிட, விளையாடியவர் ஒருவர் வந்தால் பிள்ளைகள் கண் சிமிட்டாமல் பார்ப்பார்கள். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று அடுத்தடுத்து இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். அந்தப் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் நிமிர்கிறார்கள், ஏனென்றால் சத்துவாச்சாரி அவர்கள் பஸ்ஸில் கடந்துபோகும் இடம். அவ்வளவு பெரிய ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. மாவட்டக் கபடி அணியில் ஆடிய பக்கத்து ஊர் அண்ணன் போதும். பேச்சு இரண்டு நிமிடம், அதன் பிறகு பிள்ளைகளோடு ஒரு ரெய்டு.

பரிசுக்கு பிளாஸ்டிக் ஷீல்டு வாங்கி ஏமாறாதீர்கள், மூன்றாம் மாதம் உடைந்து பரணுக்குப் போய்விடும். எவர்சில்வர் டம்ளரோ தட்டோ வாங்கி, பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டச் சொல்லுங்கள். பள்ளி பெயரையும் வருடத்தையும் முன்கூட்டியே வெட்டிவைத்து, பிள்ளையின் பெயருக்கு இடம் விட்டோம். வெட்டும் மிஷினோடு கடைப் பையன் வந்து பந்தலில் உட்கார்ந்தான். தன் பெயர் கிர்ரென்று தட்டில் இறங்குவதைப் பார்க்க அவனைச் சுற்றி நின்ற கூட்டம் மேடைக்கு முன்னால்கூட இல்லை.

8. கணக்கு வாசிப்பது

விழா சனிக்கிழமை என்றால் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தாக வேண்டும். அடுத்த வாரம் என்று தள்ளினால் ஊரில் வேறு கணக்கு உலவ ஆரம்பிக்கும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியவை: இரவல் வாங்கிய அண்டா, கயிறு, பாய் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, கொடுத்தவரிடமே சேர்ப்பது, முளைக்குச்சிகளைப் பிடுங்கி அந்தக் குழிகளை மூடுவது, ரசீதுப் புத்தகத்தையும் செலவுச் சீட்டுகளையும் மூன்று பேர் உட்கார்ந்து சரிபார்ப்பது.

வாசிப்பது பெரியவர்களாக இருக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி வாசிக்கிறாள், வரவு ஒருபக்கம், செலவு ஒருபக்கம், பொருளாக வந்தது தனியாக. பெற்றோர்களும் வந்து நிற்பார்கள். போன முறை அவள் "குண்டூசி, நாற்பது ரூபாய்" என்று வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு தாத்தா, "நாப்பது ரூபாய்க்கு எதுக்கும்மா குண்டூசி?" என்று கேட்டார். தோள்பட்டைத் துணியைக் குத்துவதற்கு, ரெண்டு பெட்டி, ஒன்றில் பாதி மீதி இருக்கிறது என்றாள், அந்த அரைப் பெட்டியையும் எடுத்துக் காட்டினாள். தாத்தா சரி என்று உட்கார்ந்தார். அந்தத் தாள் அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது, என் கடையில் இருபது நகல் போட்டு டீக்கடை, பால் சொசைட்டி, ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டினோம்.

மிச்சம் 340 ரூபாய் இருந்தது. அதில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி இரண்டும் ஒரு விசிலும் வாங்கிப் பி.டி. வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் குழுக் கணக்கில் கட்டினோம். கட்டிய ரசீதும் அந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.